வாலிபர் ஐக்கியத்தை நடத்துதல்: ஒரு சேகரத்தின் அனுபவம்

தென் தமிழ்நாட்டின் சி.எஸ்.ஐ. திருச்சபைகளில் 'வாலிபர் ஐக்கியம்' என்று வழங்கும் அமைப்பு, திடப்படுத்தல் பெறும் வயதிலிருந்து திருமணம் ஆகும் வரையிலான இருபாலாரையும் ஒன்றாகக் கூட்டுவதாகும். திடப்படுத்தல் என்பது, கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றோரும் ஞானப் பெற்றோரும் தன் சார்பில் செய்த ஞானஸ்நான வாக்குறுதிகளை ஒருவர் விவரம் அறிந்த வயதில் தாமே ஏற்றுக்கொண்டு, பேராயரின் கரங்கள் தலைமேல் வைக்கப்பட, திருவிருந்தில் பங்கு பெறத் தொடங்கும் ஆராதனையாகும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே ஏறக்குறைய 15 ஆண்டுகள் கிடப்பதால், அரையாண்டுத் தேர்வுக்கு அஞ்சும் 14 வயதுச் சிறுமியும், வங்கித் தேர்வை நான்காம் முறையாக எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் 27 வயது இளைஞரும் ஒரே மண்டபத்தில், ஒரே பாயில் அமர்கிறார்கள். பொதுத்தமிழில் ஆண்பாலையே குறிக்கும் 'வாலிபர்' என்ற சொல் திருச்சபை வழக்கில் பெண்பிள்ளைகளையும் உள்ளடக்கி நிற்கிறது. ஆயினும், சொல்லில் இடம் கிடைத்த அளவுக்குப் பொறுப்புகளில் அவர்களுக்கு இடம் கிடைத்துவிடவில்லை என்பதை இக்கட்டுரை பின்னர் காணும்.

இங்கே சொல்லப்படுபவை, தாமிரபரணிக் கரையோரச் சேகரம் ஒன்றில் 17 ஆண்டுகள் வாலிபரோடு உழைத்ததால் தெரியவந்தவை. சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் விடப்பட்டுள்ள பல சபைகளின் தொகுதி. குருவானவர் ஒருவரே எல்லா ஊர்களுக்கும் போய்வர வேண்டியிருப்பதால், வாலிபர் பணி பெரும்பாலும் ஆசிரியர், அரசு ஊழியர், சிறு வணிகர் போன்ற சபையாரின் கையில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவராகிய இக்கட்டுரையாளர், தம் முதல் மூன்று ஆண்டுகளை நிகழ்ச்சி தயாரிப்பதிலேயே செலவிட்டார். வெளியூர்ப் பேச்சாளர், வாடகை ஒலிபெருக்கி, பெரிய பேனர், இசைக்குழு, இரவுச் சிற்றுண்டி என்று எல்லாம் அமைந்த கூட்டத்துக்கு மண்டபம் நிறைய வந்தவர்கள், அடுத்த வாரக் கூடுகைக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு அந்த மூன்று ஆண்டுகளில் அவரிடம் விடை இல்லை. விடை பிற்பாடு வேறு வழியாக வந்தது: பிறர் தயாரித்ததைப் பார்க்க வந்தவர் பார்த்து முடிந்ததும் போய்விடுவார், தம்மிடம் ஒரு வேலை விடப்பட்டிருப்பவரோ அது நடக்க வேண்டுமே என்பதற்காகவாவது மறுபடியும் வருவார்.

இதை முதலில் கண்டவர் அவர் அல்லர். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்து நகரில் வில்லிஸ்டன் சபையின் போதகராக இருந்த ஃபிரான்சிஸ் கிளார்க், எழுப்புதல் கூட்டங்களில் மனந்திரும்பிய இளம் பருவத்தினரை அடுத்து என்ன செய்வது என்று கவலைப்பட்டு, 1881 பிப்ரவரி 2 அன்று தம் வீட்டில் அவர்களைக் கூட்டி 'கிறிஸ்டியன் எண்டவர்' என்னும் சங்கத்தைத் தொடங்கினார். அதில் சேர்வோர் ஏற்ற உறுதிமொழியில், ஒவ்வொரு கூடுகையிலும் பாடுவது தவிர வேறு ஏதாவது ஒரு பங்கை ஒவ்வொருவரும் எடுக்க வேண்டும் என்பது ஒரு கூறாக இருந்தது. 'பாடுவது தவிர' என்ற அந்த விலக்கு எவ்வளவு கூர்மையானது என்பதை, இரண்டு மணி நேரக் கூடுகையில் ஒன்றரை மணி நேரம் கீபோர்டுக்கும் ரிதம் பேடுக்கும் போய்விடுகிற இன்றைய ஐக்கியங்களை நடத்துவோர் நன்கு அறிவர். சேர்ந்து பாடுகையில் கூச்சமுள்ளவர் மற்றவர் குரலுக்குள் மறைந்துகொள்ள முடியும். ஒரு வசனத்தை வாசிக்கும்போதோ, இரண்டு வரி ஜெபம் சொல்லும்போதோ மறைய இடமில்லை. கிளார்க்கின் சங்கத்தில் பல குழுக்கள் இருந்தன. அவற்றுள் 'லுக்அவுட்' குழு என்பது புதியவர்களைச் சேர்ப்பதோடு, வராமற்போனவரையும் சோர்ந்துபோனவரையும் அன்போடு தேடிச் செல்லும் பொறுப்பையும் கொண்டிருந்தது. வேலை கொடுப்பதும், காணாமற்போனவரைத் தேடுவதும் ஆகிய இவ்விரண்டை ஒழுங்காகச் செய்கிற ஐக்கியம் பேச்சாளர் இல்லாமலும் நிற்கும் என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

தமிழ் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று அறியப்பட்ட வே. ச. அசரியா, தம் இருபதுகளின் தொடக்கத்திலேயே ஒய்.எம்.சி.ஏ.வின் செயலராகப் பயணப்பணியில் இறக்கிவிடப்பட்டவர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முன்னோடிகளுள் ஒருவராக நின்ற அவருக்கு வயது 28. ஒரு வாலிபரை நம்பிப் பெரிய பொறுப்பை ஒப்படைக்க அன்று மூத்தோர் துணிந்தார்கள். இன்று 28 வயதுடையவர் பல சபைகளில் நாற்காலி அடுக்குகிறவராகவே இருக்கிறார். கமிட்டியில், அதாவது சபையின் நிர்வாகக் குழுவில், அவர் வாய்திறந்தால் பொறுக்கச் சொல்கிறார்கள்.

எனவே நடைமுறையில் செய்ய வேண்டிய முதற்காரியம், சபையின் ஆண்டு முழுவதையும் விரித்து வைத்து, அதில் வாலிபருக்கு முழுமையாக ஒப்படைக்கத்தக்கவை எவை என்று பார்ப்பதாகும். குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை வெட்டிச் சிலுவை முடைவது, பெரிய வெள்ளியன்று ஆண்டவர் சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளுள் ஒன்றையாவது தியானித்துப் பேசுவது, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி, அறுப்பின் பண்டிகை ஏலம், டிசம்பர் மாதக் கீதபவனி, ஆண்டிறுதி நள்ளிரவு ஆராதனை என்று வேலைக்குக் குறைவில்லை. குறை இருப்பது ஒப்படைக்கும் விதத்தில்தான். மூத்தோர் திட்டமிட்டதற்கு வாலிபர் ஆள்பலம் தருவது உதவி எனப்படுமேயன்றிப் பொறுப்பு எனப்படாது. பொறுப்பு என்றால் அது கெட்டுப்போகக்கூடிய வாய்ப்பும் சேர்ந்தே கைமாற வேண்டும்.

அசனத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அசனம் என்பது பண்டிகையின்போது சபையார் அனைவரும், ஊரில் வேறு சமயத்தாரும்கூட, ஒன்றாக அமர்ந்து உண்ணும் பொது விருந்து. விடியுமுன்னே அண்டாக்களில் சோறு வடித்து, ஓலைப்பாய்களில் வெள்ளைத்துணி விரித்துக் கொட்டி, கறிக்குழம்பு கொதிக்கும் அந்த இடம் மூத்த ஆண்களின் அரசு. வாலிபர் அங்கே தண்ணீர் ஊற்றலாம், எச்சில் இலை எடுக்கலாம். கரண்டி அவர்கள் கைக்கு வருவதில்லை. கமிட்டியிடம் பலமுறை மன்றாடியபின் ஓர் ஆண்டு மூன்றாம் பந்தி மட்டும், இலை போடுவது முதல் மோர் வரை, வாலிபரிடம் விடப்பட்டது. திக்கிப் பேசுவதால் கூடுகையில் ஒருநாளும் வாய்திறவாத ஒரு பையன், முதல் இரண்டு பந்திகளை ஓரமாக நின்று பார்த்திருந்தான். எல்லா வாளியும் வாசற்பக்கத்து வரிசையிலிருந்தே கிளம்புவதால் கடைசி வரிசைக்குப் போகும்போது குழம்பில் துண்டு இருப்பதில்லை என்றும், அங்கே உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தாமதமாக வரும் வயதான பெண்கள் என்றும் அவன் கண்டிருந்தான். மூன்றாம் பந்தியில் பாதி வாளிகளைக் கடைசி வரிசையிலிருந்து கிளப்பச் சொன்னான்; இலைகளை எண்ணி, வரிசைக்கு இத்தனை வாளி என்று கரித்துண்டால் சுவரில் எழுதினான். சமையலுக்கு 40 ஆண்டுகளாகப் பொறுப்பாக இருந்த பெரியவர் அந்தக் கரிக்கோடுகளைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "அடுத்த வருசமும் இலைக் கணக்கு நீதாம்ல பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பையன் அதன்பின் எந்தக் கூடுகையையும் தவறவிட்டதில்லை. ஒரு சொற்பொழிவும் அதைச் செய்திருக்காது.

வாராந்தரக் கூடுகையின் அமைப்பைப் பொறுத்தவரை, நடத்துபவர் பேசும் நேரத்தைச் சுருக்குவதே மிகக் கடினமான ஒழுங்காகும். அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில், துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி மட்டும் பேசிக்கொண்டிருக்க, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்னும் வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த செய்தி வருகிறது. இதைத் தூங்குவோருக்கான எச்சரிக்கையாகப் பிரசங்கிப்பது வழக்கம்; ஆனால் பவுல் அவனைக் கடிந்துகொண்டதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவர் பேச்சை விட்டுவிட்டு இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொள்கிறார். வாலிபர் பணி செய்வோர் அந்தப் படிக்கட்டைப் பலமுறை இறங்கியாக வேண்டும். இக்கட்டுரையாளரின் ஐக்கியத்தில் நடத்துபவரின் பேச்சுக்கு 12 நிமிடம் என்று எல்லை வகுக்கப்பட்டு, மீதி நேரம் ஒரே வேதபகுதியை நான்கைந்து பேர் கொண்ட சிறு வட்டங்களில் வாசித்துப் பேசுவதற்கு விடப்பட்டது. பாடல்களிலும் ஓர் ஒழுங்கு பின்பற்றப்பட்டது. புதிய துதிப்பாடல்களோடு ஒரு பாமாலையும் ஒரு கீர்த்தனையும் கட்டாயம் இருக்கும். பாமாலை என்பது மேலைநாட்டு ஞானப்பாட்டு மெட்டில் அமைந்தது. கீர்த்தனை என்பது வேதநாயகம் சாஸ்திரியார் முதலானோர் நம் இராக தாளங்களில் இயற்றியது. இவற்றை அறியாத வாலிபர், துக்க வீட்டில் பெரியவர்கள் பாடும்போது உதடு அசைக்காமல் நிற்க நேர்கிறது. அந்த இடத்தில் பாட முடிவதும் ஆறுதல் சொல்வதில் ஒரு பங்கு.

கேள்விகளுக்கு ஒரு பிஸ்கட் டப்பா வைக்கப்பட்டது. ஒரே அளவில் வெட்டிய தாளும் ஒரே நிறப் பேனாவும் எல்லோருக்கும் தரப்படும். கேள்வி இருப்பவர் எழுதுவார், இல்லாதவர் வெறுந்தாளையாவது மடித்துப் போட்டாக வேண்டும். கேள்வி உள்ளவர் மட்டும் எழுந்துபோய்ப் போடுகிற முறையில் யார் எழுதினார் என்பது உடனே தெரிந்துவிடுவதால், கட்டாய வெறுந்தாள்தான் அந்த டப்பாவின் உயிர். முதல் சில மாதங்கள் நோவாவின் பேழையைப் பற்றியும் உலக முடிவைப் பற்றியும் கேள்விகள் வந்தன. கையெழுத்தை யாரும் ஆராய்வதில்லை என்று உறுதியான பின்னரே, ஜெபம் செய்தும் அப்பா குடியை விடாதது ஏன் என்பதும், மதிப்பெண் குறைந்தால் வீட்டில் எப்படிச் சொல்வது என்பதும், வேற்று மதத்தவரைக் காதலிப்பது பாவமா என்பதும் மேலே வந்தன. இவற்றுக்கெல்லாம் நடத்துபவரிடம் விடை இருக்க வேண்டியதில்லை. விடை தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு, அடுத்த வாரம் குருவானவரையோ ஒரு மருத்துவரையோ அழைத்து வந்து பேசவைத்தபோது, டப்பாவில் தாள்கள் கூடினவேயன்றிக் குறையவில்லை.

இந்த இடத்தில் ஓர் எல்லையையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பாதவர் சட்டத்தின்படி குழந்தைகள்; 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் இழைக்கப்பட்டிருப்பதை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆகவே, எதைச் சொன்னாலும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற வாக்குறுதியை வாலிபர் தலைவர் எவருக்கும் கொடுக்கலாகாது. குடும்ப மானம், சபையின் பெயர் என்ற காரணங்கள் அங்கே செல்லா. தனியே ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் பேசாமல் இருப்பதும், முகாம்களில் பெண்பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர் இரவும் உடன் இருப்பதும் தொடக்கத்திலேயே எழுதி வைக்கப்பட வேண்டியவை. குழந்தைகள் உதவி எண் 1098-உம், மனநல ஆலோசனைக்கான 14416-உம் கூடுகை நடக்கும் சுவரில் வசன அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டன. உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணுகிற ஒரு பிள்ளைக்கு ஜெபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும்; ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போடுவது பெருந்தவறு.

சாதியைப் பேசாமல் தென்மாவட்டத் திருச்சபையின் வாலிபர் பணியைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. 19-ஆம் நூற்றாண்டில் குடும்பங்களும் தெருக்களுமாகச் சபைக்கு வந்தவர்கள், பல ஊர்களில் தெருவின் பிரிவையும் உடன் கொண்டுவந்தார்கள். கல்லறைத் தோட்டத்திலும் கமிட்டித் தேர்தலிலும் அது இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. சமத்துவத்தைப் பற்றி ஒரு பாடம் நடத்துவதால் இது அசைவதில்லை என்று கண்ட பின்னர், இரண்டு நடைமுறைகள் கொண்டுவரப்பட்டன. முகாம்களில் சமையல், பரிமாறல், உறங்கும் அறை ஆகிய எல்லாவற்றுக்கும் குழுக்கள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டன. மாதத்தில் ஒரு கூடுகை மண்டபத்தில் நடவாமல் சேகரத்தின் ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டில் முறைவைத்து நடந்து, அந்த வீட்டில் வைக்கும் தேநீரையும் சுண்டலையும் எல்லோரும் உண்டார்கள். இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தின. அவர்களுக்காக முறையை மாற்றும்படி வந்த வற்புறுத்தலுக்கு ஐக்கியம் இணங்கவில்லை. ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் ஓராண்டுக்குப் பின் திரும்பி வந்தார்கள், மற்றக் குடும்பத்தார் வரவேயில்லை. அந்த இழப்பு இன்றும் வலிக்கிறது. ஆயினும் ஒரு தெருவின் தேநீரை மறுப்பவரின் வசதிக்காக, அந்தத் தெருவைக் கூடுகை வரிசையிலிருந்து எடுத்துவிட ஒரு கிறிஸ்தவ ஐக்கியத்துக்கு உரிமை இல்லை.

பெண்பிள்ளைகளின் வருகை, ஆர்வத்தைவிட நகரப் பேருந்தின் நேரத்தைச் சார்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. கூடுகை ஞாயிறு மாலை 6 மணிக்கு என்று இருந்தவரையில், பக்கத்துச் சபைகளிலிருந்து வரும் பெண்கள் பாதியில் எழுந்து போவதை அக்கறையின்மை என்று மூத்தோர் குறைகூறினர். கடைசிப் பேருந்து 7.10-க்கு என்பதை அவர்களுள் எவரும் கேட்டறியவில்லை. கூடுகை 4 மணிக்கு மாற்றப்பட்ட மாதத்திலேயே அவர்கள் எண்ணிக்கை இரட்டிப்பாயிற்று. செயலர், பொருளாளர் ஆகிய பொறுப்புகளுள் ஒன்று எப்போதும் பெண்ணிடம் இருக்கும் என்ற விதியும் அதன்பின் வந்ததே.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கீதபவனி என்பது கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவுகளில் வாலிபர் வீடு வீடாகச் சென்று பாடி, ஜெபித்து, காணிக்கை பெறும் வழக்கம். ஆண்டின் பெரும் வருவாய் அதுதான். ஓர் ஆண்டு அந்தக் கணக்கு மார்ச் வரை வாசிக்கப்படாமல் கிடந்தது. ஒரு ரூபாயும் தவறவில்லை என்றபோதும், பொருளாளராக இருந்த 19 வயது மாணவர் அந்த மூன்று மாதமும் ஊரின் சந்தேகத்தைச் சுமந்தார். பிழை, கணக்கைக் கேட்டு வாங்காத இக்கட்டுரையாளருடையது. அதுமுதல் பவனி முடிந்த மூன்றாம் நாள் வீட்டுவாரியான தொகையும் செலவும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு வருகின்றன.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியே வாலிபருக்கு மிகச் சிறந்த பள்ளி என்பது இக்கட்டுரையாளரின் முடிவு. ஏறக்குறைய பத்து நாட்கள் சிறுபிள்ளைகளுக்குக் கதையும் பாட்டும் மனன வசனமும் கைவேலையும் கற்பித்து, முடிவு நாளில் கொடி பிடித்து ஊர்வலம் வரும் இந்தப் பணியில், வகுப்புக்கு முந்திய இரவு மூன்று மணி நேரம் பாடத்தைப் படித்துத் தயாராகும் 16 வயதுப் பெண், ஆண்டு முழுவதும் கூடுகையில் கேட்டதைவிட அதிகமாக அந்த ஓரிரவில் கற்றுக்கொள்கிறாள். ஏழு வயதுக் குழந்தை ஒன்று எழுந்து, "அக்கா, இயேசுவுக்கு இருட்டுன்னா பயமா?" என்று கேட்கும்போது, மனப்பாடம் செய்த விடை உதவாது, தன் விசுவாசத்தைத் தன் சொற்களில் சொல்ல அவள் அன்று முதன்முறையாக முயல்கிறாள். பொதுத்தேர்வுகளால் பிப்ரவரியும் மார்ச்சும் ஐக்கியத்துக்கு வறண்ட மாதங்கள்; அக்காலத்தில் கூட்டம் சேர்க்க முயலாமல், தேர்வெழுதுவோரின் வீட்டுக்குப் போய் ஐந்து நிமிடம் ஜெபித்துவிட்டு வந்தால், மே மாதத்தில் அவர்களே ஆசிரியராக வந்து நிற்பார்கள்.

ஒரு வாலிபர் ஊரில் இருக்கும் காலம் குறைவு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் கோவைக்கும் சென்னைக்கும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் அவர்கள் சிதறிவிடுவதால், நான்காண்டுக்கு ஒருமுறை ஐக்கியம் ஏறக்குறைய முழுவதும் புதிய முகங்களாகிவிடுகிறது. இதைத் தோல்வியாக எண்ணிச் சோர்வடைகிறவர்கள் பலர். உண்மையில் வாலிபர் பணி, ஆளைத் தக்கவைக்கும் பணியாக இருப்பதைவிட வழியனுப்பும் பணியாகவே இருக்கிறது. போகிற ஊரில் விடுதிக்கு அருகிலுள்ள சபை எது, அங்கே யாரைப் பார்ப்பது என்பதைக் கிளம்புமுன் விசாரித்து, அந்தச் சபையின் போதகருக்கு ஒரு வரி எழுதிவிடுவது அதன் முக்கியமான அலுவல்.

இதற்கெல்லாம் பயன்பட்ட கருவி, நீளவாக்கில் கட்டிய ஒரு சாதாரணக் கணக்கு நோட்டு. வருகைப் பதிவேட்டில் வந்தவர் பெயர்மேல் குறியிடுவது வழக்கமாக இருக்க, இதில் வராதவர் பெயரே எழுதப்பட்டது: பெயர், அவரிடம் உள்ள வேலை, எத்தனை வாரமாகக் காணோம், யார் என்றைக்குப் போய்ப் பார்த்தார் என்று நான்கு பத்திகள். தொடர்ந்து இரண்டு வாரம் ஒருவர் வராவிட்டால் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவது போதாது என்றும், இருவர் நேரில் போக வேண்டும் என்றும், போனால் ஏன் வரவில்லை என்று கேட்காமல் எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும் என்றும் முதற்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. பதினேழாம் ஆண்டின் முடிவில் அந்த நோட்டு, ஐக்கியத்தின் செயலராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 23 வயதுப் பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டது. அவள் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடிக்கோலைக் கேட்டு வாங்கி, ஐந்தாவதாக ஒரு பத்தி வரைந்து, அதன் தலைப்பில் 'கடைசிப் பேருந்து' என்று எழுதினாள்.